மோட்டார் வண்டியின் மூச்சுக்குழல்

உயிருள்ளவை யாவும் மூச்சு விடுகின்றன. உயிரில்லாத மோட்டார் வண்டியும் மூச்சு விட்டே ஓடுகின்றது. பெட்ரோல் அதன் உணவு. காற்று அதன் மூச்சு. உணவின் விலை ஏறினால் ஊரே பேசுகின்றது. மூச்சைப் பற்றி எவரும் பேசுவதில்லை, காற்றுக்கு விலை இல்லை அல்லவா? ஆனால் அந்தக் காற்றை உள்ளே கொண்டுசெல்லும் குழலுக்கு மட்டும் இன்று கடைகளில் பெருவிலை கூறப்படுகின்றது. நம் இளைஞர் பலர் அதனை வாங்கித் தம் டர்போ வண்டிகளில் பூட்டுகின்றனர். அவ்விலைக்கு ஏற்ற பயன் உண்டா? உண்டெனின் எப்பொழுது உண்டு? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டியவர் எம் தோட்டப் பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர். இப்பொழுது செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் இயந்திரப் பகுதியில் பணியாற்றுகின்றார். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய டர்போ கார் ஒன்றை வாங்கினார். பின்னர் மேலும் சில நூறு வெள்ளி செலவிட்டு, வண்டியோடு வந்த காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவான திறந்த வடிகட்டியையும் பளபளக்கும் அலுமினியக் குழாயையும் பூட்டிக்கொண்டார். பள்ளி விடுமுறையில் எம்மைக் காண வந்தபொழுது வண்டிக்கு முன்னே அதன் ஓசை வந்து சேர்ந்தது.

"ஐயா, சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயில் ஏறினால் இழுவை குறைகிறது. நெரிசலில் நின்று கிளம்பும்போது பழைய வேகம் இல்லை. ஏன்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. குழாயைக் கழற்றச் சொல்லி, வடிகட்டிக்கு அப்பால் உள்ள உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தோம். துணி சிவந்தது. தோட்டத்துச் செம்மண் வடிகட்டியைக் கடந்து இயந்திரத்தின் வாயில்வரை போயிருந்தது. கேள்வி இப்பொழுது இரண்டாயிற்று.

டர்போ என்பது யாது?

சாதாரண இயந்திரம் தன் உருளைக்குள் பிஸ்டன் கீழிறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தால் காற்றை இழுக்கின்றது. டர்போ பூட்டிய இயந்திரத்திலோ காற்று அழுத்தி ஊட்டப்படுகின்றது. வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இயந்திரத்துக்குள் அனுப்பும். வீணே போகும் புகையைக் கொண்டே வேலை வாங்கும் இந்த உபாயத்துக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். விற்பனைக்கான பயணக் கார்களில் இது முதன்முதலாக இடம்பெற்றது 1962இல், அமெரிக்காவில். நம் நாட்டில் புரோட்டோன் நிறுவனம் தன் முதல் டர்போ இயந்திரமான கேம்புரோ சி.எஃப்.இ.யை 2011 இறுதியில் எக்சோரா போல்ட் வண்டியிலும், 2012இல் பிரேவே வண்டியிலும் பூட்டி வெளியிட்டது.

இதில் நாம் மறவாதிருக்க வேண்டிய உண்மை ஒன்று. அழுத்தும் சக்கரம் நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதன் இதழ்களோ மெல்லியவை. வடிகட்டிக்கும் அச்சக்கரத்துக்கும் இடையே வேறு காவல் இல்லை. ஆகவே மூச்சுக்குழலில் நாம் செய்யும் நன்மையும் தீமையும் நேரே அதனைச் சென்றடையும்.

எவ்வளவு காற்று?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேற்சொன்ன புரோட்டோன் இயந்திரத்தின் கொள்ளளவு 1,561 கன சென்டிமீட்டர்; அதாவது ஏறத்தாழ 1.56 லிட்டர். நான்கு வீச்சு இயந்திரமாதலால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அது தன் கொள்ளளவு முழுவதும் மூச்சிழுக்கும். நிமிடத்துக்கு 5,000 சுற்று எனின் 2,500 மூச்சு. இரண்டையும் பெருக்கினால் 3,900 லிட்டர் வரும். டர்போ இக்காற்றை வெளியழுத்தத்துக்கு மேல் 0.75 பார் கூட்டி, ஏறத்தாழ 1.75 மடங்காக அழுத்துகின்றது. அழுத்தியபின் எஞ்சும் வெப்பத்துக்கும், உருளை முழுமையாக நிரம்பாமைக்கும் கழிவு கொடுத்தால், வெளியிலிருந்து நிமிடத்துக்கு 6,000 லிட்டர் காற்று வேண்டும் என்று கொள்ளலாம். நொடிக்கு 100 லிட்டர்! 200 லிட்டர் எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை இரண்டே நொடியில் காலி செய்யும் மூச்சு இது.

இத்தனை காற்று ஏன்? ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. நம் நாட்டு வெப்பநிலையில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்குக் குறையாத காற்று என்று பொருள். இங்கே கவனிக்க வேண்டியது, எரிதலுக்கு வேண்டியது காற்றின் எடையே என்பதாகும். லிட்டர்க் கணக்கில் எவ்வளவு நுழைந்தாலும் எடை குறைந்தால் ஆற்றல் குறையும்.

ஆகவே நல்ல மூச்சுக்குழலுக்கு மூன்று கடமைகள் உள. காற்றைத் தடையின்றி விடுதல் ஒன்று. குளிர்ச்சியாக விடுதல் இரண்டு. தூய்மையாக விடுதல் மூன்று. கடைக்காரர் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே பேசுகின்றார். எம் மாணவரின் வண்டி மற்ற இரண்டிலும் தவறியிருந்தது.

தடை

குழாயில் ஓடும் காற்றுக்கு உண்டாகும் தடை வேகத்தின் இருபடிக்கு ஏற்ப வளரும். நொடிக்கு 100 லிட்டர் காற்று 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் செல்ல வேண்டுமாயின், அதன் வேகம் நொடிக்கு 51 மீட்டர் ஆகும். 70 மில்லிமீட்டர் குழாயில் 26 மீட்டர் போதும். வேகம் பாதியாகின்றது, தடையோ காற்பங்காகின்றது. விட்டத்தில் சிறு மாற்றம், தடையில் பெருமாற்றம்.

டர்போ வண்டியில் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. சக்கரத்தின் வாயிலில் இழந்த அழுத்தம் மறுபுறத்தில் பெருகித் தோன்றும். வாயிலில் 3 கிலோபாஸ்கல் இழந்தால், 1.75 மடங்கு அழுத்தும் டர்போவின் மறுபுறத்தில் 5 கிலோபாஸ்கலுக்கு மேல் குறையும். இன்றைய வண்டிகளிலுள்ள கணினி அக்குறையைக் கண்டு டர்போவை இன்னும் விரைவாகச் சுழற்றி ஈடு செய்யும். ஈடு செய்தாலும் செலவு நின்றுவிடாது. அது மிகுதியான வெப்பமாக வெளிப்படும்.

அப்படியானால் பெரிய குழாய் வாங்குவதுதானே முறை எனலாம். பொறுங்கள். வண்டியைச் செய்தவர்கள் அவ்வியந்திரத்தின் தேவையைக் கணக்கிட்டே மூச்சுக்குழலை அமைக்கின்றனர். மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்குப் பெரும்பாலும் அது போதும். டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி, இயந்திரம் 40 விழுக்காடு அதிகக் காற்றை இழுக்கும்படி செய்துவிட்டால், அதே குழலில் தடை ஏறக்குறைய இருமடங்காகும். அப்பொழுது பெரிய குழல் தேவையாகலாம். தேவை முன்னே வர வேண்டும். குழல் பின்னே வர வேண்டும். எம் மாணவரோ பின்னதை முன்னே வாங்கிவிட்டார்.

வெப்பம்

திறந்த கூம்பு வடிகட்டி பானெட்டுக்குள் அமர்ந்து, ரேடியேட்டரும் புகைக்குழாயும் சூடேற்றிய காற்றை இழுக்கின்றது. வெளியே 30 பாகை, உள்ளே 60 பாகை எனின், அக்காற்று ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு எடை குறைந்தது. டர்போ அழுத்தும்போது வெப்பம் மேலும் உயரும். அழுத்தியின் திறன் 70 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 30 பாகையில் நுழைந்த காற்று 105 பாகையில் வெளிவரும்; 60 பாகையில் நுழைந்தது 140 பாகையையும் தாண்டும். முன்னே அமைந்த இண்டர்கூலர் அவ்வெப்பத்தில் பெரும்பகுதியை இறக்கும்; முழுவதையும் இறக்காது. சுட்ட காற்று எரிபொருளை உரிய நேரத்துக்கு முன்பே வெடிக்கச் செய்யக்கூடும். கணினி அதனை உணர்ந்து தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளும். அதுவே பிற்பகலில் குறைந்த இழுவையின் காரணம். வண்டி சோம்பவில்லை, தன்னைக் காத்துக்கொண்டது.

குழாய் அலுமினியமானதால் காற்று சூடாகின்றது என்று சிலர் கூறுவர். அரை மீட்டர்க் குழாயைக் கடக்கக் காற்றுக்கு, வண்டி முழு விசையில் ஓடும்போது, ஐம்பதில் ஒரு நொடியே பிடிக்கும். அதற்குள் ஏறும் வெப்பம் சிறிது. நெரிசலில் நிற்கும்போது மட்டும் உலோகம் தன் சூட்டைச் சற்றுத் தரும். குழாய் எதனால் ஆனது என்பதைவிட, அதன் வாய் எங்கே திறந்திருக்கின்றது என்பதே பெரிது.

தூசி

வடிகட்டிகள் மூவகைப்படும்: மடித்த காகிதம், எண்ணெய் தடவிய பருத்தி வலை, நுரை. பொதுவாகக் காகிதம் நுண்தூசியை நன்கு பிடிக்கும்; கழுவ இயலாது. பருத்தி வலை தடை குறைந்தது, கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் நுண்தூசியைச் சற்று அதிகமாக விட்டுவிடும். அதன் எண்ணெய் அளவுக்கு மிஞ்சினால், காற்றை அளக்கும் உணர்கருவியின் மெல்லிய கம்பிமேல் படியக்கூடும். வாங்கும்போது, ஐ.எஸ்.ஓ. 5011 என்னும் அனைத்துலக முறைப்படி சோதித்த விவரம் உண்டா என்று கேளுங்கள். அம்முறை தடையையும் தூசி பிடிக்கும் திறனையும் சேர்த்தே அளப்பது. ஒன்றை மட்டும் காட்டும் விளம்பரம் பாதி உண்மையையே காட்டுகின்றது.

நகரத்துத் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு இது சிறு விஷயமாகத் தோன்றலாம். குலை ஏற்றிய லாரியின் பின்னே செம்மண் சாலையில் தினமும் போகின்றவருக்கு அப்படி அன்று. செம்மண்ணில் கலந்துள்ள மணல் துகள் உருளையின் சுவரைத் தேய்க்கும். டர்போவின் இதழ் ஓரங்களை அரிக்கும். வடிகட்டி நன்றாக இருந்தும், அதற்கு அப்பால் ஓர் இணைப்புத் தளர்ந்திருந்தால் அதே கேடுதான். எம் மாணவரின் குழாயில் இரண்டும் நிகழ்ந்திருந்தன: வடிகட்டியின் கழுத்து குழாயைச் சரியாகக் கவ்வவில்லை; கிளிப்பும் இறுகவில்லை.

அளந்து பார்த்தல்

"இப்போது என்ன செய்வது, ஐயா? வேறொன்று வாங்கட்டுமா?" என்றார்.

"முதலில் அளப்போம், தம்பி" என்றோம்.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பு அறிவியல் அறையிலேயே உண்டு. நிறமற்ற பிளாஸ்டிக் குழாயை 'ப' எழுத்துப்போல வளைத்து ஒரு பலகையில் கட்டி, சாயம் கலந்த நீரைப் பாதியளவு நிரப்ப வேண்டும். ஒரு முனை திறந்திருக்கும். மறுமுனை வண்டியின் மூச்சுக்குழலோடு இணையும். இயந்திரம் காற்றை இழுக்கும்போது இரு புறத்து நீர்மட்டமும் வேறுபடும். 10 சென்டிமீட்டர் வேறுபாடு ஏறத்தாழ ஒரு கிலோபாஸ்கல் இழப்பைக் காட்டும்.

சில எச்சரிக்கைகள். நீர் இயந்திரத்துக்குள் இழுபடாதபடி இடையிலே ஒரு வெற்றுப் புட்டியை வைக்க வேண்டும். புட்டியின் மூடியில் இரு துளையிட்டு இரு குழாய்களையும் செருகினால், தப்பி வரும் நீர் அதில் தங்கிவிடும். மூச்சுக்குழலில் துளையிடுவதாயின் அதனை வண்டியிலிருந்து கழற்றிய பின்னரே துளையிட்டுக் கழுவ வேண்டும். ஓர் உலோகச் சீவல் போதும், டர்போவை அழிக்க. நின்ற இடத்தில் இயந்திரத்தை உறுமச் செய்து அளப்பதில் பயனில்லை. சுமை இருந்தால்தான் முழு மூச்சு வரும். பட்டறையிலுள்ள உருளைமேடை நல்லது. இல்லையேல் வாகன நடமாட்டமில்லாத ஏற்றத்தில், சட்டம் அனுமதித்த வேகத்துக்குள், ஒருவர் ஓட்ட மற்றவர் பார்க்க வேண்டும். ஓட்டுபவரே பார்க்கக் கூடாது.

பழைய பெட்டியை அவர் எறிந்துவிடாமல் வைத்திருந்தது நல்வினை. அதனை மீண்டும் பூட்டி, புதுக் காகித வடிகட்டி இட்டு, மூன்று இடங்களில் அளந்தோம்: வடிகட்டிக்கு முன், வடிகட்டிக்குப் பின், டர்போவின் வாயிலருகே. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடு இரண்டு விரற்கடை அளவே. இழப்பில் பெரும்பகுதி அதற்கும் முன்னே, பெட்டிக்குக் காற்றுக் கொண்டுவரும் ஒடுங்கிய வாயிலேயே இருந்தது. அவர் காசு கொடுத்து மாற்றியது வடிகட்டியை. குற்றம் இருந்ததோ வாயில். அளவாமல் மருந்து கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

பின்பு ஒரு வெப்பமானியின் முனையைப் பெட்டிக்குள் வைத்து, ஓடும்போதும் நெரிசலில் நிற்கும்போதும் பார்த்தோம். ஓடும்போது மூடிய பெட்டியின் காற்று வெளிக்காற்றுக்கு ஒட்டியே இருந்தது. கூம்பு வடிகட்டியைப் பூட்டிப் பார்த்தபோது வேற்றுமை கண்கூடாகத் தெரிந்தது. வண்டியின் கணினி காட்டும் வெப்பநிலையை நம்பி இதனைச் செய்வோர், அந்த உணர்கருவி இண்டர்கூலருக்கு முன்னுள்ளதா பின்னுள்ளதா என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

தாமே செய்வோர்க்கு

அளந்து பார்த்துத் தேவை உண்டென்று கண்டபின் தாமே செய்ய விரும்புவோர் சிலவற்றை மனத்திற் கொள்ள வேண்டும்.

குழாயின் வாய் வெட்டிய விளிம்போடு நில்லாமல், நாதசுரத்தின் அணசுபோல விரிந்திருக்கட்டும். காற்று அதில் சிதறாமல் நுழையும். வளைவுகள் குறைவாகவும் மென்மையாகவும் இருக்கட்டும். டர்போவின் வாயைவிடக் குழாய் பெரிதாயின், திடீரென்று குறுகாமல் படிப்படியாகக் குறுக வேண்டும். மெல்லிய ரப்பர் அல்லது சிலிக்கன் குழாய் உறிஞ்சும் விசையில் உட்குழிந்துவிடும். உள்ளே கம்பி வைத்ததையே பயன்படுத்துக.

வடிகட்டியைத் திறந்து விடாமல் ஒரு பெட்டிக்குள் அடக்குக. பெட்டியின் மேல்விளிம்பில் நுரை ரப்பர் ஒட்டிப் பானெட் மூடும்போது இறுகும்படி செய்து, முன்புறக் கம்பியழியின் பின்னிருந்து வெளிக்காற்றைக் கொண்டுவருக. காற்று குளிர வேண்டும் என்று வாயைப் பம்பருக்குக் கீழே கொண்டுபோவது நம் நாட்டுக்கு ஆகாது. 2021 டிசம்பரில் சிலாங்கூரைச் சூழ்ந்த வெள்ளத்தை மறந்துவிட்டோமா? காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. உருளைக்குள் நீர் புகுந்தால் பிஸ்டன் தண்டு வளையும். பழைய பெட்டியின் அடியில் நீர் வடியும் துளை இருந்தால் புதியதிலும் அஃது இருக்க வேண்டும்.

சில வண்டிகளில் காற்றை அளக்கும் உணர்கருவி மூச்சுக்குழலிலேயே அமைந்துள்ளது. அது குழாயின் விட்டத்தைக் கணக்கிற்கொண்டே அளக்கின்றது. 70 மில்லிமீட்டர்க் குழாய்க்குப் பதில் 76 மில்லிமீட்டர்க் குழாய் வைத்தால் பரப்பு 18 விழுக்காடு கூடிவிடும். கருவி உள்ளதைவிடக் குறைவாகக் காற்றை அறிவிக்கும். பெட்ரோல் போதாமல் வரும். டர்போ இயந்திரத்தில் இஃது ஆபத்து. ஆகவே கருவி அமர்ந்த பகுதியின் விட்டத்தை மாற்றாதீர்கள். அதன் முன்னே நேரான குழாய்ப் பகுதி இருக்கட்டும். மாற்றுவதானால் கணினியின் கணக்கையும் தக்கவரைக் கொண்டு மாற்ற வேண்டும்.

இயந்திர அடிப்பகுதியிலிருந்து வரும் ஆவிக்குழாயும், டர்போவின் மிகைக்காற்றைத் திருப்பிவிடும் குழாயும் பழைய மூச்சுக்குழலில் இணைந்திருந்தால், அவை புதியதிலும் வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையே முன்போலவே இணைய வேண்டும். இறுதியாக, மலேசியாவில் சாலைப் போக்குவரத்துத் துறையிடமும், சிங்கப்பூரில் தரைப் போக்குவரத்து ஆணையத்திடமும் விதியைக் கேட்டறிந்த பின்பே கை வைப்பது நன்று. புது வண்டியானால் உத்தரவாதம் போகுமா என்பதையும் கேட்டுக்கொள்க.

ஒலி வேறு, வலி வேறு

எம் மாணவரின் வண்டியில் நாங்கள் செய்தது மிகச் சிறிது. பழைய பெட்டி அதன் இடத்துக்கே மீண்டது. ஒடுங்கிய வாய்க்குப் பதிலாகச் சற்று அகன்ற, விளிம்பு விரிந்த வாயொன்றை அவரே தகட்டில் செய்தார். ஆலையில் தினமும் தகடு வளைக்கும் கை அல்லவா? இணைப்புகளைப் புதுக் கிளிப்பால் இறுக்கினார். மறுபடி அளந்தோம். நீர்மட்ட வேறுபாடு கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தது. சீறும் ஓசை மட்டும் இல்லை.

அவ்வோசைதான் இத்தனை செலவுக்கும் காரணம் என்பதை அவரே பின்னர் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். பெட்டி மூடியிருந்தபோது அடங்கியிருந்த டர்போவின் மூச்சொலி, பெட்டியை எடுத்ததும் வெளியே கேட்டது. அவ்வளவே. ஒலி கூடியதை வலி கூடியதாகக் காது நம்பிவிட்டது. ஓசையை விரும்புவது குற்றமன்று. ஓசைக்குத்தான் பணம் கொடுக்கின்றோம் என்று அறிந்து கொடுக்க வேண்டும்.

பள்ளியில் படிக்கும்போது "எனக்கு அறிவியல் வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அன்று ஒரு பிளாஸ்டிக் குழாயும் சாயநீரும் கொண்டு, தம் வண்டியின் குற்றம் எங்கே என்று தாமே கண்டார். புறப்படும்போது அந்தப் பலகையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். உடன் பணியாற்றும் இருவர் இதே கூம்பு வடிகட்டியை வாங்க எண்ணியிருக்கின்றார்களாம். வாங்குவதற்கு முன் அவர்கள் வண்டிகளையும் அளந்து பார்க்கப் போகின்றாராம். பலகை இன்னும் எம்மிடம் திரும்பவில்லை. திரும்பாதிருப்பதே நன்று.